பாஸ் பண்ணியது யார்

புதிதாகச் செக்கிங் மேசைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைவிட நன்றாக ஆங்கிலம் படித்தவர்கள். உங்களுக்கு ஆங்கிலப் பாடம் நடத்தும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி மட்டும் உங்களைவிட எனக்கு ஜாஸ்தி தெரியும். இருபத்தாறு வருஷம் அதைத்தான் எழுதினேன், அதைத்தான் பேசினேன், அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். பாஸ்.

வாலாஜாபேட்டைக்கு வெளியே ஹைவேயை ஒட்டி இருந்த குழந்தைகள் ஷூ கம்பெனியில் நான் சேர்ந்தபோது, அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். பரீட்சையில் தேறுவது. கம்பெனிக்குள் நுழைந்த முதல் நாளே கேட் பாஸ் கொடுத்தார்கள். நடுவில் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவுட் பாஸ். ஆடிட்டர் வருகிறார் என்றால் தையல் ஹாலில் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை இருமலிலேயே மெசேஜ் பாஸ் ஆகும். ரயிலில் வேர்க்கடலை விற்பவர் பொட்டலத்தின் பெயரே டைம் பாஸ் என்பதுபோல் கூவிக்கொண்டு வருவார். வேலூரில் என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, காலையில் வந்த நர்ஸ், "யூரின் பாஸ் ஆச்சாப்பா?" என்று அவரிடம் கேட்டாள். மறுநாள் அதே நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டு, அவர் பாஸ்டு அவே என்றாள். இரண்டும் ஒரே சொல் என்று அன்று எனக்கு உறைத்தது. அழுகைக்கு நடுவிலும் அது உறைத்ததுதான் எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் ஆபீஸில் கிடந்த தடித்த அகராதியை மதிய இடைவேளைகளில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தச் சொல்லுக்கு மட்டும் பத்தி பத்தியாக அர்த்தம் போட்டிருந்தது. லெட் இட் பாஸ் என்றால், போனால் போகட்டும் விடு. பாஸ் ஓவர் என்றால், பார்க்காததுபோல் தாண்டிப் போவது. பாஸ் ஃபார் என்றால், ஒன்று இன்னொன்றாகச் செலாவணி ஆவது, ரெக்சின் தோலாகச் செலாவணி ஆவதுபோல. பாஸ் த பக் என்றால், பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. இந்த நாலும் எங்கள் கம்பெனியில் தினமும் நடக்கிற காரியங்கள். அதற்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் சேர்ந்து மூன்றாம் வருஷம், நம் சரக்கை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தொழில்நுட்ப ஆள் வந்தார். அறுபது வயதிருக்கும். பேக்கிங் முடிந்த பெட்டி ஒன்றைப் பிரித்து ஒரு ஷூவை எடுத்தார். அடியட்டை ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. "ஹூ பாஸ்டு திஸ்?" என்றார். மேசையில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் அந்த ஷூவை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தோம்.

"யாரு பாஸ் பண்ணதுன்னு கேக்கறாரு" என்றார் சூப்பர்வைசர்.

என் பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: "அது பாஸ் ஆயிடுச்சி சார்."

சூப்பர்வைசர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. வெள்ளைக்காரர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தன் பையிலிருந்து நாலு நிறத்தில் நாலு மார்க்கர் பேனா எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். நாளையிலிருந்து பார்த்து முடித்த ஒவ்வொரு ஷூவுக்கும் உள்ளே, நாக்குத் தோலுக்கு அடியில், உங்கள் நிறத்தில் ஒரு புள்ளி வையுங்கள் என்றார். எனக்கு வந்தது பச்சை. அந்த வாரமே பசை வழிந்த ஷூ கம்மியாகிவிட்டது. தன் புள்ளி வைக்கிற இடத்தில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

பிறகு நான் தர இன்சார்ஜ் ஆனேன். புள்ளி வைக்கிற வேலை போய், கையெழுத்துப் போடுகிற வேலை வந்தது. கையெழுத்து பெரிய மனுஷர்கள் காரியம், அதை ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் போட வேண்டும் என்பதில்லை என்று எப்படியோ எனக்குள் ஒரு நினைப்பு வந்துவிட்டது. நான் சொல்லப்போகிற பாவம் அந்த நினைப்பிலிருந்து வந்ததுதான். இதைக் கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியும், முழுசாக யாருக்கும் தெரியாது.

ஊசி ரிஜிஸ்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிஷினில் ஊசி உடைந்தால் தைக்கிற பெண் கையைத் தூக்க வேண்டும். காந்தத்தால் துழாவி எல்லாத் துண்டையும் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டெல்லாம் சேர்ந்து முழு ஊசி ஆனால் கடைசிக் கட்டத்தில் பாஸ் என்று எழுதி இன்சார்ஜ் கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் புது ஊசி. முனை கிடைக்கவில்லை என்றால் ஹோல்டு. அந்தத் தட்டில் தைத்து வைத்திருக்கிற ஷூ மேல்தோல் மொத்தமும் மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும், அதுவரை லைன் நிற்கும். நாம் செய்வது மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளைகள் போடுகிற ஷூ. வலிக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியும், எங்கே, எதனால் என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு. இதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் எங்கள் கம்பெனியில் இந்த விதிக்கு ஒரு வாலும் ஒட்டியிருந்தது. முனை காணாமல் போனால் தைத்தவளுக்கு மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் வீட்டுக்கு. ஊசியை ஜாக்கிரதையாகக் கையாளுவார்கள் என்று எண்ணி யாரோ ஆபீஸில் உட்கார்ந்து போட்ட விதி. ஊசி யார் பேச்சையாவது கேட்டு உடையுமா? தடித்த தோல் மடிப்பு வந்தால் அது பாட்டுக்கு உடையும்.

அதனால் தையல் ஹால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய ஊசியை வீசும்போது முனையை மட்டும் ஒடித்து, காலி ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் ஒட்டி, மிஷின் மேசைக்கு அடியில் செருகி வைத்துக்கொள்வார்கள். என்றைக்காவது முனை கிடைக்காவிட்டால் அதிலிருந்து ஒன்று எடுத்து ஒட்டிவிடுவார்கள். இல்லாதவள் பக்கத்து மிஷினில் கடன் கேட்பாள், ஒரு கரண்டி தோசை மாவு கேட்பதுபோல. எனக்கு இது தெரியவே தெரியாது என்று சொல்ல மாட்டேன். அரைகுறையாகத் தெரியும். வருஷம் முழுக்க ஒரு முனைகூடக் காணாமல் போகாத ரிஜிஸ்டரைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் சந்தேகம் வரும். எனக்கு வரவில்லை, ஏனென்றால் வராமல் இருப்பது சௌகரியமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வேறு ஒரு பதிவுக்காக ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஜன்னல் வெயில் பக்கத்து மேல் விழுந்தது. மூன்று நாளுக்கு முந்தைய பதிவில், டேப்புக்கு அடியில், ஊசியின் உடல் பொன்னிறமாக மின்னியது. முனை வெள்ளையாக இருந்தது. அந்த மாதம்தான் நமக்குப் பொன்முலாம் போட்ட புது வகை ஊசி வந்திருந்தது. மேசைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்த முனைகளெல்லாம் பழைய வெள்ளை ஊசியுடையவை. பதிவில் இருந்த பெயர் கலைவாணி. அதற்கு நேரே பாஸ் என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. என்னுடையது.

உண்மையான முனை எங்கோ ஒரு ஷூவுக்குள் இருக்கிறது. அந்த மேல்தோல்கள் இந்த மூன்று நாளில் ஷூவாகி, பெட்டிக்குள் போய், அட்டைப்பெட்டிகளாக அடுக்கப்பட்டு நிற்கின்றன. நாலு மணிக்கு கண்டெய்னர் லாரி கிளம்புகிறது. இப்போது டிடெக்டரில் போட்டும் பிரயோஜனம் இல்லை. எல்லா ஷூவிலும் இரும்பு பக்கிள் வைத்தாயிற்று, எதைப் போட்டாலும் மணி அடிக்கும்.

கலைவாணி காவேரிப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். முப்பத்தெட்டு வயசு. கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார், மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான். கணுக்கால் மடிப்புத் தைப்பதில் அவளை மிஞ்ச ஹாலில் ஆள் கிடையாது. அவள் பேரில் முந்தைய வருஷங்களில் வாங்கிய இரண்டு மெமோ இருந்தது. நான்தான் பரிந்துரைத்தேன் என்பதால் அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

டீ இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"செவ்வாக்கெழம உன் ஊசி ஒடஞ்சிதே கலை, முனை எங்க?"

"ஒட்டினேனே அக்கா. நீங்கதான் பாஸ் போட்டீங்க."

"அது வெள்ள முனை. ஊசி தங்கக் கலர்."

அவள் கையிலிருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிய குரலில் சொன்னேன்: "சொல்லிடும்மா. சொன்னா உனக்கு ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறேன்."

இந்த வாக்கியத்தை நீங்கள் கவனமாகக் கேளுங்கள். அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள என்னால் முடியுமா, யாரிடம் போவேன், என்ன பேசுவேன், எதையும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அந்த முனை இருக்கிற இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் நம்பினாள். "மூணு நாளா சோறு எறங்கல அக்கா" என்றாள். "இருபத்தாறாம் சைஸு, பிரௌன் கலரு, எடது காலு. கணுக்கால் மடிப்புல பஞ்சு வெக்கிற எடத்துல தைக்கச் சொல்லதான் ஒடஞ்சிது. காந்தம் வெச்சிப் பாத்தேன், கெடைக்கல. பஞ்சுக்குள்ளதான் போயிருக்கும்னு அப்பவே தெரியும். ரெண்டு மெமோ இருக்குதே அக்கா, இன்னா பண்ணுவேன்? எந்தப் புள்ள காலுல போய்க் குத்துமோன்னு நெனச்சி நெனச்சி..."

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா எஸ்தர்மா, நாலு மணிக்கு லாரி. இப்ப வந்து இப்பிடி பேஜார் பண்றீங்களே."

"இருபத்தாறாம் சைஸ் பெட்டிய மட்டும் எறக்குனா போதும் சார். கையால அழுத்திப் பாத்துடலாம்."

"அது அறநூறு ஜோடி வரும். கப்பல் போய்டும்." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "ஒருவேள முனை கீழயே விழுந்திருந்தா? பெருக்கித் தள்ளியிருந்தா? லெட் இட் பாஸ்னு விட்டுட்டா இன்னா ஆயிடும்?"

என்னிடம் அப்போது பெரிய தர்ம நியாயமெல்லாம் இல்லை. "யார் காலுன்னு நமக்குத் தெரியாது சார்" என்றேன். அவருக்கு மூன்று வயசில் ஒரு பேத்தி இருந்தாள். அதை நான் சொல்லவில்லை, அவரே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து போய் லோடிங் ஆட்களிடம் பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

எட்டுச் செக்கர்கள், நான், கலைவாணி. பேக்கிங் ஹால் தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு இடது கால் ஷூவாக எடுத்து, கணுக்கால் மடிப்பைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். பார்த்து முடித்ததை வலப் பக்கம் குவித்தோம். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. லாரி டிரைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலரைக்குக் கடைசி ஷூவும் முடிந்தது. முனை கிடைக்கவில்லை.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "கீழ விழுந்ததுதாம்மா. ஏத்தச் சொல்லவா?"

நான் தலையாட்டப்போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கலைவாணி எழுந்திருக்கவில்லை. "இன்னொருக்கா பாக்கறேன் சார்" என்று அவள் பாட்டுக்குப் பார்த்து முடித்த குவியல்களை முதலிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஐந்தரை மணிக்கு அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். கட்டைவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். பஞ்சைப் பிரித்தோம். பொன்னிறத்தில் ஒரு முனை, எறும்பின் நீளம்தான் இருக்கும்.

அந்த ஷூ எந்தக் குவியலில் இருந்தது என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரியும். அது என் வலப் பக்கக் குவியல். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதை நான் என் கையாலேயே அழுத்திப் பார்த்து பாஸ் பண்ணி வைத்திருந்தேன். அன்று அதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததாக நான் நினைத்துக்கொண்ட நேரம் அது. பயத்தில் இருக்கிற விரலுக்குக் கிடைக்கக்கூடாது என்று ஒரு ஆசை இருக்கும். நீங்கள் உங்கள் விரலை நம்புவதற்கு முன்னால், அதற்கு என்ன ஆசை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் போய்விட்டது. சரக்கு அடுத்த வாரம் போனது. வாங்குகிற கம்பெனிக்கு நடந்ததை எழுதினோம். தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே நிறுத்திய தொழிற்சாலை என்று பாராட்டிப் பதில் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு ஒரு பாராட்டுக் கடிதம், கண்ணாடிச் சட்டம் போட்டு. அது வந்த மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ரிஜிஸ்டர்ல பொய் ஒட்டினதுக்கு ஆள் கேக்கறாங்க எஸ்தர்மா. கலைவாணிய அனுப்பணும்னு ஆர்டர் வந்துடுச்சி."

"அவதான சார் சொன்னா. அவதான கண்டுபிடிச்சா. ஒண்ணும் ஆவாதுன்னு நான் வாக்கு குடுத்திருக்கறேன்."

அவர் ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "அந்தப் பக்கத்துல உங்க கையெழுத்தும் இருக்குது. பாக்காம போட்டதுன்னு நான் அவங்களுக்கு எழுதல. எழுதனா ரெண்டு பேரு போவணும். இன்னா செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஓய்வுக்கு ஐந்து வருஷம் பாக்கி இருந்தது. மகன் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. காரணம் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் பத்துச் சொல்லலாம். பாஸ் த பக் என்பதற்கு அகராதியில் போட்டிருந்ததைவிட நல்ல உதாரணம் அன்று அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் பத்து மணிக்கு அவளை அனுப்பினார்கள். பஸ் சாயங்காலம்தான், அதனால் நடுவில் வெளியே போக அவுட் பாஸ் வேண்டும். அவுட் பாஸில் இன்சார்ஜ் கையெழுத்து வேண்டும். அதில் திரும்பி வரும் நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதை மட்டும் நன்றாகப் பார்த்துத்தான் போட்டேன். கலைவாணி சீட்டை வாங்கிக்கொண்டு, "வர்றேன் அக்கா" என்றாள். பழக்க தோஷம். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஹைவே ஓரமாக நடந்து போனாள். நான் ஜன்னலிலிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் ஊசி ரிஜிஸ்டரை முதலிலிருந்து புரட்டினேன், இந்தத் தடவை ஒவ்வொரு டேப்பாக. எல்லாப் பதிவும் முழு ஊசி. எல்லா முனையும் பொன்னிறம். புது ஊசி முனைகள் மேசைக்கு அடியில் போதுமான அளவு சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். உண்மையைச் சொன்னவளுக்கு என்ன நடந்தது என்பதை ஹால் முழுக்கப் பார்த்திருந்தது. இனி எவள் சொல்வாள்? பாராட்டுக் கடிதம் என் தலைக்கு மேல் மாட்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் ஜாஸ்தியாக இருந்தது, ஏனென்றால் சரக்கு தினமும் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் காவேரிப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். கலைவாணி வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, கணவருக்கு அறிமுகம் செய்து வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டில் பெல்ட் தைக்கப் போவதாகச் சொன்னாள். கூலி கம்மி, ஆனால் நடந்து போகிற தூரம் என்றாள்.

"என்ன மன்னிச்சிடு கலை" என்றேன்.

தண்ணீர்ச் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கோவமெல்லாம் போய்டுச்சி அக்கா. மொதல்ல இருந்திச்சி. அப்பறம் யோசிச்சிப் பாத்தேன். ரிஜிஸ்டர்ல பாக்காம கையெழுத்துப் போட்டீங்க. எனக்கும் அப்படித்தான் பாக்காம ஒரு வாக்கு குடுத்தீங்க. உங்களுக்கு ரெண்டும் ஒரே பழக்கந்தான். கெட்ட எண்ணம் இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கெட்ட எண்ணம் இல்லை என்று அவள் எனக்காகப் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதினேன். வாழ்க்கையில் நான் முழுசாகப் பார்த்து, படித்து, மறுபடி படித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் பாஸ் பண்ணியது நான், முனை இருந்த ஷூவைக் கையில் எடுத்தும் பாஸ் பண்ணியது நான், காணாமல் போன முனைக்கு மெமோ கொடுக்கிறவரை இந்த ரிஜிஸ்டர் முழுக்கப் பொய்யாகத்தான் இருக்கும், அந்த விதி இருக்கிறவரை இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "வேணாம்மா, இன்னொருக்கா யோசிங்க" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. இன்சார்ஜ் பதவியிலிருந்து இறக்கி மறுபடி மேசைக்கு அனுப்பினார்கள். பழையபடி பச்சை மார்க்கர். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன், அதில் எனக்குக் குறையில்லை. கொஞ்ச நாள் தலைமை அலுவலகத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் மெமோ விதியை எடுத்துவிட்டார்கள். கலைவாணியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். அதற்கு மட்டும் இசையவில்லை. கொள்கை என்றார்கள்.

விதியை எடுத்ததாக நோட்டீஸ் ஒட்டியும் இரண்டு வாரம் ரிஜிஸ்டரில் எல்லா ஊசியும் முழு ஊசியாகவே இருந்தது. காகிதத்தை யார் நம்புவார்கள்? உங்களில் யாராவது இன்சார்ஜ் ஆகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். குறையே இல்லாத ரிஜிஸ்டர் கையில் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எழுந்து ஹாலுக்குள் போங்கள். யாரும் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஒருத்தியிடம் சொல்லச் சொல்வதற்கு முன்னால், சொன்ன பிறகு அவளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். அப்போதும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், திமிரியிலிருந்து வருகிற ஒரு பெண் மிஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். செக்கிங் மேசையிலிருந்து எனக்குத் தெரிந்தது. புது இன்சார்ஜ் போய்க் கேட்டான். "முனை காணோம் சார்" என்று அவள் சொன்னது மிஷின் சத்தத்திலும் கேட்டது. அப்புறம் மிஷின் சத்தமே இல்லை, ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். ஹால் முழுக்க அவனைப் பார்த்தது. அவன் தட்டை எடுத்து டிடெக்டருக்கு அனுப்பினான், ரிஜிஸ்டரில் ஹோல்டு என்று எழுதினான். முக்கால் மணி நேரம் லைன் நின்றது. முனை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குப் புது ஊசி கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கலைவாணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு நாளைக்கி வேலைக்கி வருவாளா?" என்றாள்.

"வருவா. நாளைக்கி அவ மிஷின்ல நின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலை எட்டே காலுக்கு, ஹாலுக்குள் போய் அந்தப் பெண்ணின் மிஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மறுபடி போன் போட்டேன்.

"வந்துட்டா கலை. தெச்சிக்கினு இருக்கறா."

"அப்ப சரி அக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.